நாக்குக்கு உத்தரவாதம்

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நலமில்லாதவர்களைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அதற்காகத்தானே நீ என் கடிதத்தைப் பிரிக்கிறாய். நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். புது வீட்டுப் படங்களைப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் தோட்டம் தெரிகிறது, பாத்திரம் கழுவும்போதே மனசு லேசாகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். எங்கள் சமையலறை ஜன்னலில் எதிர்மாடிக்காரர் காயப்போட்ட பனியன்கள் தெரிகின்றன. எனக்கும் மனசு லேசாகத்தான் இருக்கிறது. அவரைவிடக் கிழிசல் பனியன் என் வீட்டில் யாரும் போடுவதில்லை.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வளர்கிறது. நான் மாடிப்படி ஏறும்போது முழங்கால் போடும் சத்தத்துக்குக் கீழ்வீட்டு நாய் குரைக்கிறது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். நானும் அவரை ஃபீஸைக் குறைக்கச் சொன்னேன். இருவரும் அப்படியே இருக்கிறோம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டீக் கம்பெனியை விற்கிறோம் என்று அண்ணன் போனில் சொல்லியிருப்பார். சுருக்கமாகச் சொல்லியிருப்பார். அவர் ஒன்றைச் சுருக்கமாகச் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். நான் ஒன்றை நீட்டிச் சொன்னால் பாதியை நானே சேர்த்தேன் என்று அர்த்தம். எங்கள் இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்துக்கொள், நடந்தது கிடைக்கும்.

அப்பா போகும்போது எப்படிப் பங்கு பிரித்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். கட்டடமும் இயந்திரங்களும் அண்ணனுக்கு. பாக்கெட்டின் மேல் இருக்கிற பெயர், குருவிப் படம், கலவையின் உரிமை எல்லாம் உனக்கு, ஏனென்றால் நீ செல்லம். எனக்குப் பேருக்குக் கொஞ்சம் பங்கு. என் உண்மையான பங்கை அதற்குப் பல வருஷம் முன்பே கொடுத்துவிட்டார். கம்பெனியில் டீயைச் சுவைத்துத் தரம் பிரிக்கிற டேஸ்டர் சம்பளம் போதவில்லை என்று வேறு இடத்துக்குக் கிளம்பினார் அல்லவா? அப்பா சம்பளத்தைக் கூட்டவில்லை, என்னை அவருக்குக் கட்டிவைத்தார். ஆக அண்ணனுக்குக் கட்டடம், உனக்குப் பெயர், எனக்கு நாக்கு. அந்த நாக்குக்கு அப்பா எந்த உத்தரவாதமும் தரவில்லை.

உத்தரவாதம் என்ற வார்த்தை இப்போது எங்கள் வீட்டில் உப்பு மாதிரி ஆகிவிட்டது. எதை எடுத்தாலும் அதில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஆளாளுக்குத் தனி பாட்டில். நம் பக்கத்து வக்கீலை உனக்குத் தெரியாது. எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் பாதியில் "ஆனாலும்" என்று ஒரு பள்ளத்தில் இறங்கித்தான் ஏறுவார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் ஆனாலும் வக்கீல்.

அவர் எனக்கு விளக்கினார். "பாருங்கக்கா, விக்கிறவங்க ரெண்டு விதமா வாய் குடுக்கணும். ஒண்ணு, இது இப்படி இருக்குன்னு சொல்றது. அதுக்குப் பேரு கூற்று. இன்னொண்ணு, அப்படி இல்லேன்னா நஷ்டம் என்னோடதுன்னு சொல்றது. அது உத்தரவாதம். கூற்று பொய்யானா வியாபாரமே உடையலாம். ஆனாலும், உத்தரவாதம் பொய்யானா வீட்டு வாசல் வரைக்கும் வந்து வசூல் பண்ணிக்கலாம்" என்றார். எனக்கு இது புதிதா என்ன? "பொண்ணு அதிகம் பேசமாட்டா" என்று அப்பா உன் அத்தானிடம் கூற்றுக் கொடுத்தவர்தானே. உத்தரவாதம் கேட்காமல் விட்டது உன் அத்தானின் தப்பு.

அப்படியானால் இருக்கிற குறைகளை முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டேன். "சொல்லிட்டா தப்பிச்சோம். முன்கூட்டியே விவரமாச் சொன்ன குறைக்கு யாரும் கேஸ் போட முடியாது. ஆனாலும், சொல்லச் சொல்ல விலை இறங்கும்" என்றார்.

அதனால் போன வாரம் முழுவதும் கம்பெனியில் பாவமன்னிப்பு நடந்தது. அண்ணன் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். மேற்குப் பக்கக் கூரை ஒழுகும். சல்லடை இயந்திரம் ஈரக்காற்று அடித்தால் நின்றுவிடும். பின்பக்கச் சுவர் பக்கத்து அச்சகத்துக்காரரின் நிலத்துக்குள் கால் வைத்திருக்கிறது. நடுவில் நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னேன். வக்கீல் பேனாவை நிமிர்த்திப் பிடித்து, "அக்கா, நீங்க உக்காருங்க, இன்னும் சொல்லுங்க" என்றார். ஊர்வம்பு பேசியதற்காக எனக்கு நாற்காலி போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கணக்கர் ராஜினாமா எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார் என்பது, கிடங்குச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பது, எல்லாம் என் உபயம். பாக்கெட் ஒட்டும் பெண்களில் கடைசி மேசைக்காரி உண்டாகியிருக்கிறாள் என்பதையும் சொன்னேன். நல்ல செய்தியாகத்தான் சொன்னேன். மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். காகிதத்தில் அது "தீர்க்கப்பட்டவை" என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கிறது.

இப்போது உன் பங்கு. பெயரும் கலவையும் உன்னுடையவை என்பதால் அவை சம்பந்தப்பட்ட உறுதிகளை நீதான் கொடுக்க வேண்டுமாம். அதில் ஒரு வரி உன் அத்தானைப் பற்றி. கலவையைத் தீர்மானிக்கும் டேஸ்டர் தன் தொழிலுக்கு வேண்டிய முழுத் திறனோடு இருக்கிறார், எனக்குத் தெரிந்தவரை இதற்கு மாறாக எதுவும் இல்லை என்று. "தெரிந்தவரை" என்று போட்டிருப்பதால் உனக்கு ஒரு பயமும் இல்லை என்று அண்ணன் உன்னிடம் சொல்லச் சொன்னார். கடல் தாண்டி நீ இருக்கிற தூரத்துக்கு உனக்கு என்ன தெரியப்போகிறது? காகிதங்கள் வந்ததும் பேனாவால் குறித்திருக்கிற இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

வீட்டுச் செய்தி ஒன்று. சொன்னால் நம்பமாட்டாய். இப்போதெல்லாம் நான் வெங்காயம் வதக்குகிறேன். பூண்டு தட்டிப் போடுகிறேன். அண்ணி தன் பழைய சென்ட் பாட்டில் ஒன்றைக் கொடுத்தாள், அவள் கொடுக்கிறாள் என்றால் அது அவளுக்கே பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதையும் கழுத்தில் அடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்து இருக்கை கடைசி நிறுத்தம்வரை காலியாகவே வந்தது. ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். உன் அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. வயதாக ஆக மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். பெரியவன் கன்னத்தைத் துடைத்துக்கொள்வான், அதனால் அவனுக்கு இரண்டு.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா


அன்புள்ள தங்கைக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

உன் பதில் வந்தது. காகிதங்கள் இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் போட்டு அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு வரி கேட்டிருக்கிறாய்: "சென்ட் அடித்ததற்கா அத்தான் ஒன்றும் சொல்லவில்லை?" உனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ படிக்கிற காலத்தில் வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்ததற்கு உன்னை வாசலிலேயே நிறுத்தித் திரும்பக் குளிக்க அனுப்பியவர் அல்லவா அவர். என் கல்யாண வாழ்க்கையே ஆஸ்பத்திரிச் சாப்பாடு. வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, பவுடர் ஆகாது. நாக்கு கெட்டுவிடும், மூக்கு மங்கிவிடும். கம்பெனியின் சொத்தை நான் வீட்டில் வைத்துப் பராமரித்தேன்.

உனக்கு இதைப் பற்றி எதையும் எழுதக்கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. "நீ வாயைத் தொறந்தா ஒரு தெருவோட போகும். பேனாவைத் தொறந்தா கோர்ட் வரைக்கும் போகும்" என்றார். போன கடிதத்தை அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போட்டார். வெங்காயம் வந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். வெட்ட வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ அழுவாய், நான் பேச்சை மாற்றிக் கீழ்வீட்டு நாய்க்குப் போய்விடுவேன். தவிர, எழுத்தில் இருந்தால்தான் உனக்குத் தெரியும் என்பதைச் சட்டம் நம்புமாம்.

உன் கேள்விக்குப் பதில்: உன் அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும்.

நான் கண்டுபிடித்த அழகைக் கேள். அண்ணி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது சும்மா ஒரு துளி சென்ட் தொட்டுக்கொண்டேன். திட்டு வரும், சண்டை போடலாம் என்று ஆசையாகக் காத்திருந்தேன். வரவில்லை. பெண்டாட்டியைக் கவனிக்காத புருஷன் நாட்டில் நடப்பதுதானே. கோபத்தில் மறுநாள் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொண்டேன். அதற்கும் மறுநாள் கிட்டத்தட்ட அதில் குளித்தேன். ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியோடு படிக்கட்டில் நின்றேன். நின்றால் எனக்கு நேரம் தெரியாது. கீழ்வீட்டுக்காரர்கள் கருகல் நாற்றம் தாங்காமல் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், அடுப்புக்கு ஒரு கை தூரத்தில், புகைக்கு நடுவில், மனுஷன் விளையாட்டுச் செய்தி படிக்கிறார். என் முகத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், அப்புறம் மூக்கைச் சுருக்கி, "என்னமோ கருகுற வாசனை வருதே" என்றார்.

நல்ல மனைவியாக இருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். நான் வெங்காயம் நறுக்கிய கத்தியால் ஆப்பிள் வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அவர் நாற்காலிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பழைய மீன் தலையைக் குப்பையில் போடாமல் ஒரு நாள் முழுக்க மேசைக்கடியில் வைத்திருந்தேன். அவர் ஆப்பிளைத் தின்றுகொண்டு காலை ஆட்டினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனியாகச் சிரிக்கத் தெரியாதவள் நான் என்று உனக்குத் தெரியும். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அடப்பாவமே" என்று சொன்னாள், ரசித்துச் சொன்னாள். அண்ணியிடம் காட்டுவது அண்ணனிடம் காட்டுவது. கம்பெனி விற்பனை பேச்சு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

அவர் எப்படி ஒப்பேற்றினார் என்று கேட்பாய். இலையைக் கையில் அழுத்தி உதிர்த்துப் பார்ப்பார், அது ஒரு கதை சொல்லும். வெள்ளைக் கிண்ணத்தில் நிறம் பார்ப்பார், அது இன்னொரு கதை சொல்லும். கசப்பும் துவர்ப்பும் நாக்கில் இன்னும் இருக்கின்றன. மிச்சத்துக்கு, போன வருஷம் அந்தந்தத் தோட்டத்து டீக்கு என்ன சொன்னாரோ அதையே சொன்னார். பழைய மாதிரியே சத்தமாக உறிஞ்சினார், பழைய மாதிரியே தூரத்திலிருந்து குறி தவறாமல் தொட்டியில் துப்பினார். துப்புவதில் இன்றுவரை அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடிக்கிறவர்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

வக்கீல் இதைக் குறைகளின் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். கூரைக்கும் சல்லடைக்கும் அடுத்து உன் அத்தான். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க இந்த நாக்குக்காகத்தான் வர்றாங்க. அது இல்லேன்னு சொன்னா மிச்சம் என்ன, ஒழுகற கூரையா? சின்னவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவ போடற கையெழுத்துல பொய் எங்கேர்ந்து வரும்?" என்றார். வக்கீல் "ஆனாலும்" என்றார். சொல்லிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டார். நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

அப்புறம் வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து டேஸ்டராக ஒரு அம்மா வந்தாள். ஒல்லி, பேச்சு குறைவு, என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றெரிச்சல் தரும் ரகம். எங்களிடம் இருக்கிற வெள்ளைக் கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு ஒரு பெட்டி நிறையக் கறுப்புக் கப் கொண்டுவந்திருந்தாள். "நாங்க இப்படித்தான் பாக்கறது, சார். நிறம் தெரிஞ்சா மனசு ஏமாத்தும்" என்று சிரித்தாளாம். இலையையும் காட்டவில்லை. டீயை உள்ளறையில் வடித்து, வரிசையாக மேசையில் வைக்கச் சொன்னாள். வைத்தது நம் கம்பெனியில் கப் கழுவும் அக்கா. அவள்தான் எனக்குச் சொன்னாள், வேர்த்து ஊற்ற, பின்வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு. "எல்லாம் ஒரே கெட்டில்மா. ஒரே கெட்டில்லேர்ந்துதான் அத்தனை கப்புலயும் ஊத்தினாங்க. நான் சொல்லவும் முடியல, நிக்கவும் முடியல" என்றாள்.

உன் அத்தான் ஒவ்வொரு கப்பாக உறிஞ்சினார். முதலாவதில் ஈர மரத்தின் வாசனை என்றார். அடுத்தது உயரமான தோட்டம், பனி விழுந்த இலை என்றார். அதற்கடுத்ததில் லேசாகப் புகை ஏறியிருக்கிறது, உலர்த்தும்போது கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள், இதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கடிந்துகொண்டார். ஒன்றில் தேன் வாசனைகூட வந்ததாம். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில் எழுந்து நின்று, "அற்புதம் சார், உங்ககிட்ட நிறையக் கத்துக்கணும்" என்று கையைக் கூப்பினாள். அவர்கள் பக்கத்து வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றானாம், தோள் குலுங்கியதாம்.

அன்று சாயங்காலமே அவர்களிடமிருந்து செய்தி வந்தது. விலையைக் குறைக்கவில்லை. டேஸ்டரைப் பற்றிய அந்த ஒரு வரியை மட்டும் இன்னும் அழுத்தமாக எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குப் புரியவில்லை. வக்கீலிடம் போய்க் கேட்டேன். அவர் முதல் தடவையாக "ஆனாலும்" போடாமல் பேசினார். "தெரிஞ்சேதான் வாங்கறாங்கக்கா. வாங்கறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் உத்தரவாதம் குடுத்தவங்க பொறுப்பு குறையாதுன்னு ஒப்பந்தத்துல சேத்திருக்காங்க. கையெழுத்து ஆகட்டும்னு காத்திருப்பாங்க. அப்புறம் ஒரு நாள் புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி கண்டுபிடிப்பாங்க. குடுத்த விலையில பெரும் பங்கைத் திருப்பிக் கேப்பாங்க." யாரிடம் கேட்பார்கள் என்றேன். "கையெழுத்துப் போட்டவங்ககிட்ட."

"தெரிந்தவரை" என்று இருக்கிறதே என்றேன். பின்பக்கம் புரட்டிக் காட்டினார். தெரிந்தவரை என்றால் என்ன என்று தனியாக ஒரு பத்தி. கையெழுத்துப் போடுபவர் டேஸ்டரையும் டேஸ்டரின் மனைவியையும் விசாரித்திருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ அதெல்லாம் அவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். என்னை விசாரித்தால் என்னென்ன தெரியவரும் என்பதைப் பார்த்துதான் எழுதியிருக்கிறார்கள், பாவிகள். உன் புது வீட்டையே கேட்டு வந்து நிற்பார்கள். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். "அவ தூரத்துல இருக்கா. அங்க வரைக்கும் போய் வாங்கறது அவ்வளவு லேசு இல்ல" என்று சொன்னார். தன் தங்கையைப் பற்றிச் சொன்னார், வராத பாக்கியைப் பற்றிச் சொல்வது மாதிரி.

நான் வீட்டுக்கு வந்தேன். உன் அத்தான் எனக்கு முன்பே வந்து, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல மாதம் கழித்து முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இன்னைக்கு நீ அங்க இருந்திருக்கணும். ஒண்ணொண்ணா எடுத்து வச்சேன். அந்தம்மா வாயைப் பொளந்துட்டு எழுதிக்குது. பெரிய கம்பெனியாம், நாக்கே இல்லாத ஆளை டேஸ்டர்னு வெச்சிருக்காங்க" என்றார். அந்தப் புகை ஏறிய கப்பை அவள் கவனிக்கவே இல்லையாம். அதை மறுபடி எனக்கு உறிஞ்சிக் காட்டினார்.

என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி வந்துவிட்டது. "அத்தனையும் ஒரே டீ. ஒரே கெட்டில்" என்றேன்.

அவர் கோபப்படுவார், கப் கழுவுகிறவள் பொய் சொல்கிறாள் என்பார் என்று நினைத்தேன். "அதான் எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சா" என்றார். அப்புறம், "எனக்கு இப்ப எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு. அதனால நெஜமாவே ஒண்ணா இருக்கும்னு தோணல" என்றார்.

நீயோ நானோ, தெருவில் போகிற யாரோ அங்கே உட்கார்ந்திருந்தால், என்ன சார் விளையாடறீங்களா, எல்லாம் ஒரே டீதானே என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்போம். அந்த மேசையில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் உன் அத்தான்தான்.

எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். சொன்னேன். மீன் தலையைச் சொல்லவில்லை. அண்ணியைச் சொன்னேன், அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நான் கேட்காமலேயே, "அவளுக்கு எழுதிடாதே" என்றார். உன்னைத்தான். "அவ கையெழுத்துப் போட்டா எனக்குக் கொஞ்ச காலம் ஓடும். அவங்க கண்டுபிடிக்கிறப்ப கண்டுபிடிக்கட்டும். காலையில எந்திரிச்சா அந்த மேசைக்குப் போகணும். அது இல்லேன்னா நான் எங்க போய் நிக்கிறது, சொல்லு" என்றார். அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. வெங்காயம் போடாதே என்பதைக்கூட அதட்டித்தான் சொன்னார்.

அவரிடம் சரி என்றேன். இந்த மாதத்தில் நான் சரி என்று சொன்னது இது இரண்டாவது தடவை. இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. காகிதங்கள் வந்தால் கையெழுத்துப் போடாதே. அண்ணனுக்கும் வக்கீலுக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுது. அண்ணனுக்கு மட்டும் எழுதினால் அது வரவே இல்லை என்று ஆகிவிடும். டேஸ்டருக்கு வாசனை தெரியாது, காய்ச்சலுக்குப் பிறகு போய்விட்டது, இது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு இந்த உறுதியைத் தர மாட்டேன் என்று எழுது. பொத்தாம்பொதுவாக, உடல்நிலை சற்றுச் சரியில்லை என்றெல்லாம் பூசி மெழுகாதே. விவரமாகச் சொன்னால்தான் உனக்குப் பாதுகாப்பு என்று வக்கீல் அடித்துச் சொல்கிறார்.

அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், இரண்டு பக்க வக்கீல்கள், அந்த அம்மா. உன் அத்தானும் அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆமாம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் விதியாம். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பேன், அவர் நகர்த்திப் போட்டுக்கொள்ளாவிட்டால். அதனால் உன்னை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கறுப்புக் கப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. அது அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் நம் வீட்டிலிருந்து அது போக வேண்டாம். அதை விட்டுவிட்டால் உன் பாதுகாப்பு எதுவும் குறையாதென்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டேன்.

இது உனக்கு எப்படித் தெரியவந்தது என்றும் எழுதச் சொல்வார்கள். கப் கழுவும் அக்காவை இழுக்காதே. இந்த வயதில் அவளுக்கு இன்னொரு இடம் கிடைக்காது. வெளிநாட்டில் யாரோ சொன்னார்கள் என்று என்னைக் காப்பாற்றப் பார்க்காதே, நம்பமாட்டார்கள். என் பெயரை எழுது. பெயருக்குப் பக்கத்தில், டேஸ்டருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். மனைவி என்று போடு.

உன் வீட்டில் நீயும் பிள்ளைகளும் பயமில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். உன் அத்தானும் உன்னை ஆசீர்வதித்ததாக எழுதுவது வழக்கம். இந்தத் தடவை என் ஆசீர்வாதம் மட்டும்.

உன் அக்கா